டிரெட்மில்லில் தேறியவருக்கும் மாரடைப்பு ஏன்?

"போன மாதம்தான் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல் என்றார்களே டாக்டர்?" மாரடைப்பு வந்தவரின் வீட்டார் கேட்கும் இந்தக் கேள்வி காதில் விழாத இதயநோய் மருத்துவர் அநேகமாக இருக்க மாட்டார். பரிசோதனையில் தவறு நடந்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை. அந்தப் பரிசோதனை தேடியது ஒன்று, அவருக்கு வந்தது வேறொன்று.

தண்ணீர்க் குழாயில் உப்பு படிந்து படிந்து ஒரு நாள் முழுதாக அடைத்துக்கொள்வதைப் போலத்தான் பலரும் மாரடைப்பை நினைத்துக்கொள்கிறோம். அந்தப் படம் ஆஞ்சைனா என்ற நெஞ்சு இறுக்கத்துக்குப் பொருந்தும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் எழுபது சதவீதம்போலக் குறுகிவிட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடி ஏறினால் நெஞ்சை இறுக்கும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். நடக்கவைத்துப் பார்க்கும் டிரெட்மில் கண்டுபிடிப்பது இதைத்தான்.

மாரடைப்பு பெரும்பாலும் வேறு வழியாக வருகிறது. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல், குழாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்வதில்லை. சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே சாகின்றன. பல வருடங்களில் சுவருக்குள் கூழான ஒரு கொழுப்புத் திட்டு உருவாகிறது. அதற்கும் ஓடும் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய நார்த்தோல் ஒன்றுதான் தடுப்பு.

திட்டு வளரும்போது குழாய் உடனே குறுகுவதில்லை என்பதுதான் விசேஷம். குழாய் வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. சிகாகோவைச் சேர்ந்த சீமோர் கிளாகோவ் 1987-ல் இதைக் காட்டினார்: திட்டு சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் பாதை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படத்தில் தெரிவது சாயம் ஓடும் பாதை மட்டும்தான். எனவே அதுவும் ஏமாறலாம்.

புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சி எல்லாம் சேர்ந்து அந்தத் தோலை நைந்துபோக வைக்கின்றன. ஒரு நாள் அது கிழிகிறது. கூழின் மேல் ரத்தம் பட்டதும், காயம் என்று நினைத்துத் தட்டணுக்கள் ஓடிவந்து ரத்தத்தை உறையவைக்கின்றன. நேற்றுவரை திறந்திருந்த குழாய் சில நிமிடங்களில் மூடிக்கொள்கிறது. அரை மணி நேரம்போல ஆனதும் அந்தப் பக்கத்துத் தசை சாகத் தொடங்குகிறது.

நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை. இவை தெரிந்தவைதான். மேல் வயிற்றில் எரிச்சலாக வந்தால்தான் சிக்கல். சோடா குடிப்போம், ஒரு ஏப்பம் வந்தால் கேஸ்தான் என்று தீர்ப்பும் எழுதிவிடுவோம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, அசதி, குமட்டல் மட்டும் வரலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. சந்தேகம் இருந்தால் மறுபடி எடுப்பார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தையும் பார்ப்பார்கள்.

உறைந்த ரத்தக்கட்டிதான் எதிரி என்பதால், தட்டணுக்களை அடக்கும் மலிவான ஆஸ்பிரினே பெரிய ஆயுதம். 1988-ல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரங்களில் இறப்பைச் சுமார் 23 சதவீதம் குறைத்தது. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், அதைப்போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தான அடோர்வாஸ்டாடின் மூன்றையும் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் இதே கணக்கில்தான். அங்கே போனதும் கட்டியை மருந்தால் கரைப்பார்கள், அல்லது பலூன் விட்டுத் திறந்து, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பார்கள்.

மாரடைப்பு நேரத்தில் ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நடந்தால் மட்டும் வலிக்கிற, நிதானமான ஆஞ்சைனாவில்? 2007-ல் வந்த கரேஜ் ஆய்வில், நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்கு, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட மாரடைப்போ மரணமோ குறையவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. ஸ்டென்ட் தாங்கிப் பிடிப்பது ஓரிரு சென்டிமீட்டர் நீளத்தை. மற்ற இடங்களில் இருக்கும் திட்டுகளுக்கு அது ஒன்றும் செய்யாது. ஸ்டாடின் மாத்திரையோ கூழைக் குறைத்து நார்த்தோலைத் தடிப்பாக்குகிறது, அதுவும் எல்லாத் திட்டுகளிலும். "ஸ்டென்ட் வைத்தாச்சு, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் இன்னொரு ஆபத்தையும் கூப்பிடுகிறார்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை முதல் சில மாதங்களுக்குள் விட்டால், அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம்.