கவுனி அரிசியின் சர்க்கரைக்கு ஒளிரும் குறி

வெந்த கருப்புக் கவுனி அரிசியில் குளுக்கோஸ் எவ்வளவு, மால்டோஸ் எவ்வளவு? இந்தச் செட்டிநாட்டு அரிசியிடம் வழக்கமான டிஎன்எஸ் சோதனை (சர்க்கரை பட்டால் நிறம் மாறும் காரக் கரைசல்) தடுமாறும். அது 540 நானோமீட்டரில் நிறத்தை அளப்பது. கவுனிக்குக் கருமை தரும் ஆந்தோசயனின்களும் அந்தப் பக்கத்திலேயே ஒளியை உறிஞ்சுகின்றன. காரத்தில் நிறமும் மாறுகின்றன. எச்பிஎல்சி (கரைசலில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியாக்கும் கருவி) சர்க்கரைகளைப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் சர்க்கரை ஒளிராது, 200 நானோமீட்டருக்கு மேல் புற ஊதாவையும் உறிஞ்சாது. அதனால்தான் அதன்மேல் ஒளிரும் சாயமொன்றை ஒட்டுகிறோம்.

ஒட்டுமிடம் சர்க்கரையின் ஆல்டிஹைடு (வினைபுரியும் CHO தொகுதி) முனை. நீரில் குளுக்கோஸ் பெரும்பாலும் மூடிய வளையமாகவே இருக்கும். ஆல்டிஹைடு வெளித்தெரியத் திறந்திருப்பது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. அதுவே போதும். திறந்ததைச் சாயம் பிடிக்கப் பிடிக்க, அடுத்த வளையம் திறந்துகொள்ளும்.

அரைத்த சோற்றை 80% எத்தனாலில் கலக்கினால் ஸ்டார்ச் அடியில் தங்கும், சர்க்கரை கரையும். எத்தனாலை ஆவியாக்கி, மிச்சத்தை நீரில் கரைத்து சி18 கார்ட்ரிட்ஜில் (நீரை விலக்கும் துகள் நிரப்பிய சிறு வடிகுழாய்) விட்டால் நிறமி ஒட்டிக்கொள்ளும், சர்க்கரை கீழே வந்துவிடும். அதில் 50 நானோமோலுக்கு மிகாமல் (குளுக்கோஸானால் 9 மைக்ரோகிராம்) எடுத்து முழுக்க உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் சாயப் பிணைப்பு பின்னோக்கி உடையும்; பலரும் சறுக்குவது இங்கேதான்.

டைமீதைல் சல்பாக்சைடு 70 மைக்ரோலிட்டர், அசிட்டிக் அமிலம் 30 மைக்ரோலிட்டர். அதில் சாயமான 2-அமினோபென்சமைடு 5 மில்லிகிராம், பிணைப்பை ஒடுக்கி நிலைப்படுத்தும் சோடியம் சயனோபோரோஹைட்ரைடு 6 மில்லிகிராம். இதில் 10 மைக்ரோலிட்டரை மாதிரியில் சேர்த்து 65 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைக்க வேண்டும். சாதாரண போரோஹைட்ரைடு உதவாது. சாயம் ஒட்டுமுன்பே ஆல்டிஹைடை ஆல்கஹாலாக்கிவிடும். சயனோ வகை, சாயம் ஒட்டியபின் உருவாகும் இமைனைத்தான் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) குறிவைக்கும். அமிலத்தில் அது ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வாயுவை வெளிவிடும் என்பதால் ஆய்வகப் புகைக்கூண்டுக்கு (ஃபியூம் ஹூட்) வெளியே தொடவே கூடாது. மாற்றாக 2-பிக்கோலின் போரேன் நல்ல தேர்வு.

மிஞ்சிய சாயத்தை அசிட்டோநைட்ரைலால் கழுவி நீக்காவிட்டால் எச்பிஎல்சி வரைபடத்தின் சிறு உச்சிகள் அதில் மறைந்துபோகும். 330-இல் தூண்டி 420 நானோமீட்டரில் அளக்கிறோம். மூலக்கூறுக்கு ஒரே சாயம் என்பதால் உச்சியின் பரப்பு நேரடியாக மோல் கணக்கைச் சொல்லும். இம்முறையின் உண்மையான பலம் இதுதான்.

இனிப்புக் கவுனியில் சேர்த்த சீனி இதில் தெரியாது. சுக்ரோஸுக்குத் திறக்கும் முனை இல்லை. இன்வர்டேஸ் நொதியால் உடைத்து மீண்டும் அளந்தால், கூடிய குளுக்கோஸ் மோல்களே சுக்ரோஸ் மோல்கள். அந்த நொதிக்கு அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசலாக அசிட்டேட்டே நல்லது: டிரிஸ் என்னும் தாங்கலோ அம்மோனியம் உப்போ இருந்தால், அவற்றின் அமினே சாயத்தை முந்திக்கொண்டு ஆல்டிஹைடைப் பிடிக்கும்.