பட்டுப்புழு மட்டும் போட்டா போதுமா? ஒரு குட்டிப் பச்சோந்தியோட எலும்புக் கணக்கு

போன வாரம் வேப்பனப்பள்ளி பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அவங்க வீட்ல ரொம்ப வருஷமா பட்டுப்புழு வளர்க்கறாங்க, அண்ணன் ஜெர்மனில வேலை பாக்குறார், அங்க ஒரு குட்டிப் பச்சோந்தி வாங்கியிருக்கார், ஏமன் நாட்டு வகை, பொறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. அங்க கடைல சிள்வண்டு (கிரிக்கெட் பூச்சி), பட்டுப்புழு எல்லாம் டப்பால போட்டு விக்கறாங்களாம். "நம்ம அம்மா தட்டு தட்டா வளர்க்கற புழுவ இங்க எண்ணி விக்கறாங்கடா, வெறும் இதையே போட்டு வளர்த்துரலாமா"ன்னு அண்ணன் கேட்டிருக்கார். கூடவே தம்பிக்கு இன்னொரு சந்தேகம், புழு தோலுரிக்கப் படுக்கும்போது தட்டு மேல சுண்ணாம்புத்தூள் தூவுறோமே, அதையே புழு மேல தூவி பச்சோந்திக்குக் குடுத்தா கால்சியம் கிடைச்சுருமான்னு. ரெண்டுமே நல்ல கேள்வி.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நம்ம கிருஷ்ணகிரி, குப்பம் பக்கத்துக் கரட்டுல இருக்கற பச்சோந்தி, தெலுங்குக்காரங்க ஊசரவெல்லின்னு சொல்றது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கற உயிரு. புடிக்கக்கூடாது, வீட்ல வைக்கக்கூடாது. அதோட அது கண்ணுல பட்டா ஆகாது, விஷம்னு சொல்லி கல்லெடுத்து அடிக்கறத நான் சின்ன வயசுல இருந்து பாத்துட்டு வரேன், மனசு வலிக்கும். அதுக்கு விஷமே கிடையாது. வெட்டுக்கிளியையும் ஈயையும் தின்னுட்டு மெதுவா நடந்து போற ஒரு சாது.

சரி, தீனிக்கு வருவோம். சைஸ் விஷயம் சுலபம், குட்டியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்வளவு இடம் இருக்கோ அதைவிடப் பெரிய பூச்சி போடாதீங்க. முட்டைல இருந்து வந்த புதுசுல பறக்க முடியாத பழ ஈ, பொடி சிள்வண்டு. ரெண்டு மாசத்துக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய சிள்வண்டு, சின்னப் பட்டுப்புழு. வளர்ற வயசு, தினமும் போடணும். தோட்டத்துல புடிச்ச பூச்சி வேண்டாம், மருந்து அடிச்சிருப்பாங்க. மின்மினிப்பூச்சி வேண்டவே வேண்டாம், சில வகைல இதயத்தைத் தாக்குற விஷம் இருக்கு, ஒண்ணே ஒண்ணு தின்னு பல்லிவகை வளர்ப்புப் பிராணி செத்திருக்கு.

இப்ப எனக்குப் புடிச்ச இடம். பூச்சிக்கு எலும்பே கிடையாது இல்லையா, அதோட ஓடும் நண்டு ஓடு மாதிரி சுண்ணாம்புல ஆனது இல்ல, கைட்டின்ங்கற ஒரு கெட்டிப் பொருளும் புரதமும்தான். அதனால பூச்சி உடம்புல கால்சியம் ரொம்பக் கம்மி, பாஸ்பரஸ் நிறைய. சிள்வண்டுல பாஸ்பரஸ் கால்சியத்தை விட 7 மடங்கு போல வரும், பட்டுப்புழு உடம்ப மட்டும் பாத்தா 10 மடங்குக்கு மேல. ஆனா எலும்பு வளர்ற குட்டிக்கு கணக்கு தலைகீழா வேணும், பாஸ்பரஸ் 1 பங்குன்னா கால்சியம் ஒன்றரைல இருந்து 2 பங்கு.

அந்தக் கால்சியம் கிடைக்கலன்னா என்ன ஆகும்னா, இதயம் துடிக்கறதுக்கும் தசை சுருங்கறதுக்கும் ரத்தத்துல கால்சியம் ஒரு அளவுல இருந்தே ஆகணும், ஒரு நிமிஷம் கூட அதுல சமரசம் கிடையாது. அளவு இறங்குனதும் பாராதைராய்டுன்னு ஒரு துளியூண்டு சுரப்பி முழிச்சுக்கும், அது ஒரு ஹார்மோனை விடும், அந்த ஹார்மோன் எலும்பை அரிச்சு அதுல இருந்து கால்சியத்த ரத்தத்துக்கு எடுத்து விடும். வீட்ல தானியம் இல்லாதப்ப விதைக்கு வச்ச கேழ்வரகை எடுத்துக் களி கிண்டற மாதிரிதான், இன்னைக்கு வயிறு நிறையும், ஆனா அடுத்த போகம் போச்சு. தினமும் இப்படியே நடந்தா குட்டியோட தாடை ரப்பர் மாதிரி ஆயிடும், கால் வளையும், கிளையப் புடிச்சு நிக்க முடியாது. பாஸ்பரஸ் அதிகமா இருந்தா கஷ்டம் இன்னும் கூடும், வயித்துல இருக்கற கொஞ்சநஞ்ச கால்சியத்தையும் அது புடிச்சு வச்சுக்கும், உடம்புக்குள்ள விடாது.

இதோட அறிகுறி நாக்குல தெரியும், அதுதான் எனக்கு ஆச்சரியம். பச்சோந்தி நாக்கு வில்லு மாதிரி வேலை செய்யுது. நடுவுல ஒரு எலும்புக்குச்சி, அதைச் சுத்தி கொலாஜன்ங்கற நார்ப் புரதத்துல ஆன உறைகள், அதுக்கு மேல ஒரு தசை. தசை இறுக்கும்போது உறைகள் இழுபட்டு விசை ஏறும், விட்டதும் நாக்கு பாயும், உடம்பை விட நீளமாப் போகும். வில்ல இழுக்கறது தசை, தசை இழுக்கணும்னா கால்சியம் வேணும். அதனால நேத்து வரைக்கும் குறி தப்பாத குட்டி இன்னைக்கு பாதி தூரத்துலயே நாக்க விட்டுட்டு நின்னா, இல்ல நாக்க உள்ள இழுக்கத் திணறுனா, உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்.

இப்ப பட்டுப்புழு. மென்மையான உடம்பு, தண்ணிச்சத்து நிறைய, குட்டிக்கு சுலபமா செரிக்கும். அதோட வயித்துல இருக்கறது மல்பெரி இலை. மல்பெரி இலைல கால்சியம் தாராளமா இருக்கு, பாஸ்பரஸ் அதைவிட ரொம்பக் கம்மி. அதனால வயிறு நிறையத் தின்ன புழு ஒரு சின்ன கால்சியம் பை மாதிரி, ஆனா தலையத் தூக்கிட்டு தோலுரிக்கப் படுத்த புழுவுக்கு குடல் காலி, அதைக் குடுத்து பிரயோஜனம் கம்மி. சிள்வண்டுக்கும் இதே வழிதான், குடுக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடி முருங்கைக்கீரை போடுங்க. பாலக்கீரை வேண்டாம், அதுல இருக்கற ஆக்சலேட் கால்சியத்த கட்டிப் போட்டுடும். பூச்சிலயே கால்சியம் நிறைஞ்சது கருப்பு சோல்ஜர் ஈயோட புழு, அது தோலுக்குள்ள சுண்ணாம்ப சேத்து வச்சுக்கும். ஆனா மெல்லாம முழுங்குனா அந்தத் தோலோட அப்படியே வெளிய வந்துரலாம், அதனால அதை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே தம்பி, அண்ணன்கிட்ட சொல்லுங்க, பட்டுப்புழு நல்லது, ஆனா தனியா போதாது. சிள்வண்டு, பழ ஈ, கருப்பு ஈப்புழுன்னு மாத்தி மாத்திப் போடணும், வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடிய கிட்டத்தட்ட ஒவ்வொரு வேளையும் லேசா தூவணும், டி3 கலந்தது மாசத்துக்கு ரெண்டு தடவ போதும். அப்பறம் யுவிபி (புற ஊதா பி கதிர்) லைட் வேணும், அந்த வெளிச்சம் தோல்ல பட்டாத்தான் டி3 உருவாகும், டி3 இல்லாம குடல் கால்சியத்த உள்ள எடுக்காது. ஜன்னலோரம் வச்சா போதும்னு நினைக்க வேண்டாம், கண்ணாடி யுவிபிய தடுத்துரும்.

உங்க வீட்டு சுண்ணாம்புத்தூள்? கூடவே கூடாது. தட்டுல ஈரத்த உறிஞ்சறதுக்காக அம்மா தூவுறது நீத்துன சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு, குட்டியோட வாயும் நாக்கும் வெந்துரும். பச்சோந்திக்குத் தூவுற பொடி கால்சியம் கார்பனேட், முட்டை ஓட்டுல இருக்கறது. ரெண்டுலயும் கால்சியம் இருக்கு, ரெண்டும் வெள்ளையா இருக்கும், ஆனா ஒண்ணு சுடும், ஒண்ணு சுடாது.

இத எழுதும்போது ஒரு ஆதங்கம். பட்டுப்புழுவப் பத்தி மைசூருலயும் ஓசூருலயும் மத்திய பட்டு வாரியத்தோட நிலையங்கள் பல வருஷமா வேலை செய்யுது, எத்தனை நாள்ல எத்தனை கிராம் இலை தின்னும்னு கணக்கு இருக்கு, அது நம்ம விவசாயிக்கு சோறு போடுது, சந்தோஷம். அதே மல்பெரித் தோட்டத்து வேலில உக்காந்திருக்கற ஊசரவெல்லி எந்தப் பூச்சிய எவ்வளவு தின்னுது, தோட்டத்துல மருந்தடிச்சா அதுக்கு என்ன ஆகுதுன்னு பாக்க பக்கத்துக் காலேஜ் பசங்க நாலு பேருக்கு ஒரு சின்னத் தொகை குடுத்தா கூட போதும். வாங்குறவங்க இல்லாத உயிருங்கறதுக்காக அதை விட்டுறக் கூடாது.

தம்பி நேத்து ராத்திரி மறுபடி மெசேஜ் போட்டார், அண்ணன் லைட் வாங்கிட்டாராம், முருங்கைப் பொடி அங்க தமிழ்க்கடைலயே கிடைச்சுதாம்.