ஒமிப்ரசோலை ஏன் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும்?

நெஞ்செரிச்சல் வருவது சாப்பிட்ட பிறகுதான் என்றிருக்க, ஒமிப்ரசோல், பேண்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளை உணவுக்கு அரைமணி நேரம் முன்பே போடச் சொல்வது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பது பள்ளிப் பாடம். ஆன்டாசிட்டுகள் சுரந்துவிட்ட அமிலத்தை முறிப்பவை. ஜேம்ஸ் பிளாக் குழுவினர் உருவாக்கி 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சிமெட்டிடின், அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் ஹிஸ்டமினின் கட்டளையைத் தடுப்பது. ஒமிப்ரசோலோ, அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்பு என்ற புரதத்தையே செயலிழக்கச் செய்கிறது.

அது செய்யும் விதம்தான் அழகு. வெறும் ஒமிப்ரசோலை விழுங்கினால் இரைப்பை அமிலம் அதை அங்கேயே சிதைத்துவிடும். ஆகவே அமிலத்தில் கரையாத பூச்சுடன் அது இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரின் பின்பக்கமாக வந்து சேர்கிறது. இரத்தத்தில் மின்னேற்றம் இல்லாத அந்த மூலக்கூறு செல் சவ்வுகளை எளிதில் கடக்கும். ஆனால் அமிலம் சுரக்கும் செல்லின் நுண்கால்வாய்க்குள் நுழைந்ததும் அங்குள்ள ஹைட்ரஜன் அயனி அதனுடன் ஒட்டிக்கொள்ள, மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு திரும்பிச் செல்ல முடியாமல் அங்கேயே குவிகிறது. பிறகு அமிலமே அதன் வடிவத்தை மாற்ற, மாறிய மூலக்கூறு பம்பிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு வலுவாகப் பிணைந்துவிடுகிறது. எந்த அமிலத்தை அடக்க வந்ததோ, அதே அமிலம்தான் இந்த மருந்தைக் கூர்தீட்டுகிறது. அவ்வளவு கடும் அமிலம் உடலில் வேறெங்கும் இல்லாததால் மருந்தின் வேலையும் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது.

வாசகரின் கேள்விக்கு விடையும் இதில்தான் உள்ளது. பட்டினியில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் உறங்குகின்றன. உணவு வந்தால்தான் அவை மேற்பரப்புக்கு வந்து அமிலம் சுரக்கும். மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும் என்பதால், பம்புகள் விழிக்கும் வேளையில் அது இரத்தத்தில் நிறைந்திருக்க வேண்டும். பிணைந்த பம்பு பெரும்பாலும் மீளாது. செல் புதிய பம்புகளை உருவாக்கியாக வேண்டும். அதனால்தான் மருந்து மறைந்த பின்னும் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகின்றன.

இந்தப் பம்பைப் பற்றிய தொடக்க அறிவு, 1973-இல் காளைத்தவளையின் இரைப்பைச் செல்களை ஆராய்ந்ததிலிருந்து கிடைத்தது. தவளை வயிற்றுக்கு எதற்கு நிதி என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வயிற்றுப்புண், எதுக்களிப்பு நோய், வலிமாத்திரைகளை நெடுநாள் உண்போரின் இரைப்பையைக் காப்பது ஆகியவற்றுக்கு இம்மருந்துகள் பயன்படுகின்றன. வயிற்றுப்புண்ணுக்குக் காரமான சாப்பாட்டைக் குற்றம் சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை; ஆனால் பல புண்களுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்த மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக்குகளும் சேர்ந்தே தேவை. மருந்துக் கடையில் 'கேஸ் மாத்திரை' என்று தாமே கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்கு வைட்டமின் பி12, மக்னீசியம் ஆகியவை குறையக்கூடும். திடீரென நிறுத்தினால் அமிலம் சிலகாலம் முன்னைவிட மிகுந்து சுரக்கவும் கூடும்.

2014-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்ற வோனோப்ரசான், பம்பில் பொட்டாசியம் அமரும் இடத்தை நேரடியாக அடைப்பதால், அதற்கு அமிலத்தின் உதவியும் தேவையில்லை, உணவு நேரக் கணக்கும் தேவையில்லை.