தோண்டுவதும் விளைவதும்: எரிபொருளுக்கு ஒரு பெயர்

வடபழனியில் ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு மாற்று எரிபொருள் பற்றிப் பேசப் போயிருந்தேன். 'புதுப்பிக்கத்தக்க எரிபொருள்' என்று நான் மூன்றாவது தடவை சொன்னபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கையைத் தூக்கினார்.

"பழைய ஆயிலை வடிகட்டித் திரும்ப ஊத்துறதா தம்பி?"

நியாயமான கேள்வி. நாம் எதையெல்லாம் புதுப்பிக்கிறோம்? ஓட்டுநர் உரிமத்தை, இன்சூரன்ஸை, பழைய வீட்டை. அந்தச் சொல்லைக் கேட்டால், ஏற்கெனவே இருக்கும் ஒன்றைச் சரிசெய்து மறுபடி பயன்படுத்துவது என்றுதான் மனசு போகும். பாடநூலுக்கு அது பொருத்தமான சொல். பெட்ரோல் பங்க்கில் வண்டியோடு நிற்பவருக்கு அது எதையும் காட்டவில்லை.

சரி, 'உயிரி எரிபொருள்' என்று சொல்லலாமா? பெட்ரோலும் உயிரிகளிலிருந்து வந்ததுதான். கடலில் மிதந்த பாசிகளும் நுண்ணுயிர்களும் அடியில் படிந்து, மண் மூடி, சூட்டிலும் அழுத்தத்திலும் பல கோடி ஆண்டுகள் கிடந்து எண்ணெயானவை. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. கரும்பில் இருக்கும் கார்பன் போன வருஷம் காற்றில் இருந்தது. எரித்தால் காற்றுக்கே திரும்புகிறது, அடுத்த போகத்துப் பயிர் அதை இழுத்துக்கொள்கிறது. பெட்ரோலை எரித்தாலோ, யுகயுகமாக மண்ணுக்குள் பூட்டிக் கிடந்த கார்பன் புதுவரவாகக் காற்றில் சேர்கிறது. மொத்த விஷயமும் இந்த ஒன்றுதான். இதைச் சொல்லாத பெயரை மக்களிடம் கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

'மரபுசாரா எரிசக்தி' என்றும் ஒரு பெயர் இருந்தது. 2006 வரை மத்திய அமைச்சகமே அந்தப் பெயரில்தான் இயங்கியது. விறகையும் வறட்டியையும் விட மரபான எரிபொருள் நம் ஊரில் எது? 'பசுமை', 'தூய' போன்றவை விளம்பரத்துக்கு ஆகும். கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை எரித்தாலும் புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்ற மாசு வாயுக்கள் வரத்தான் செய்யும்.

எத்தனால் கதை தனி. அதற்குத் தமிழில் 'எரிசாராயம்' என்று ஒரு பழைய சொல் உண்டு. ஆனால் செய்தித்தாளில் அதைப் பார்த்தாலே கடத்தல் கேன்கள்தான் நினைவுக்கு வரும். அதனால் 'எத்தனால்' என்றே சொல்லிவிடுவது நல்லது. 2023 முதல் நாட்டில் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21தான். கலவையில் லிட்டருக்குச் சுமார் 7 சதவீதம் ஆற்றல் குறையும். மைலேஜ் கொஞ்சம் இறங்குவது இதனால்தான். வண்டிக்காரருக்கு வேண்டியது இந்தக் கணக்கு. 'இ20' என்ற ஸ்டிக்கர் அதைச் சொல்வதில்லை.

பெயர்க் குழப்பம் அதிகமாக இருப்பது டீசலில். பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயை எடுத்துக்கொள்வோம். அதை அப்படியே எஞ்சினில் ஊற்ற முடியாது, டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு பிசுபிசுப்பு. வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, மெத்தனாலில் கரைத்த காஸ்டிக் சோடாவைச் சேர்த்துக் கலக்கிவிட்டு, கண்ணாடிக் குடுவையில் அசையாமல் வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடியில் கரும்பழுப்பாகக் கிளிசரின் இறங்கும். மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்பது பயோடீசல். கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கோடு பிரிவதைப் பார்த்த மாணவர்கள் பிறகு அதை மறப்பதே இல்லை. இதன் மூலக்கூறில் ஆக்சிஜன் இருக்கிறது, ஈரத்தை இழுக்கும். ஆகவே சாதாரண டீசலில் குறைந்த அளவில்தான் கலப்பார்கள்.

அதே எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலையில் சூடாக்கி, வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்தினால் ஆக்சிஜன் கழன்றுவிடும். கிடைப்பது கிட்டத்தட்ட பெட்ரோலிய டீசலில் இருக்கும் அதே ஹைட்ரோகார்பன்கள். இது ரின்யூவபிள் டீசல். மூலப்பொருள் ஒன்று, பொருள் இரண்டு. தமிழில் இரண்டையும் 'உயிரி டீசல்' என்று எழுதினால், வாசிப்பவர் எதை எவ்வளவு ஊற்றலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

அடுத்த கூட்டத்தில் பலகையில் இரண்டே சொற்கள் எழுதினேன்: தோண்டும் எரிபொருள், விளையும் எரிபொருள். விளக்கி முடிக்கும் முன்பே அதே அம்மா கேட்டார்: "விளையுதுன்னா, எவ்வளவு தண்ணி குடிக்கும்?"

கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் என்கிறது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. கோயம்பேட்டில் மிஞ்சும் காய்கறிக் கழிவிலிருந்தோ, கொடுங்கையூர் கழிவுநீர் நிலையத்துக் கசடிலிருந்தோ எரிவாயு எடுத்தால், அதற்கென்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. "அப்ப அதை விளையுறதுன்னு எழுதாதீங்க, குப்பையில எடுத்ததுன்னே எழுதுங்க" என்றார். பலகையில் மூன்றாவதாக அதையும் எழுதினேன்.