சாக்சபோனின் முதல் ஒலி

ஆல்ட்டோ சாக்சபோன் கற்க வருபவரிடம் முதல் நாளிலேயே முழுக் கருவியையும் கொடுத்துவிடாத ஆசிரியர்கள் பலர் உண்டு. வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ், அதன் தட்டையான அடிப்பக்கத்தில் பொருந்தும் ரீடு, இரண்டையும் சேர்த்து இறுக்கும் லிகேச்சர் என்ற பட்டை ஆகிய மூன்றை மட்டும் தந்து ஊதச் சொல்வார்கள். நான் அப்படி ஊதிய முதல் நாளில் வெறும் காற்றிரைச்சல்தான் கேட்டது. பலம் கூட்டி ஊதியதும் அதுவும் நின்று, அடைபட்ட குழாயில் ஊதுவது போலாயிற்று. உதட்டைச் சற்றே தளர்த்தினேன். காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலி கிளம்பியது. தொடங்குபவர்கள் பெரும்பாலோருக்கும் நேர்கின்ற இந்த மூன்றையும் பிழை என்று ஒதுக்கிவிடாமல், ஒவ்வொன்றும் ஏன் நேர்கிறது என்று கேட்டால் இக்கருவி ஒலிக்கும் விதமே புலப்படும்.

ரீடு என்பது அருண்டோ டோனாக்ஸ் என்ற பெருநாணலின் தண்டிலிருந்து சீவி எடுக்கப்படும் மெல்லிய பட்டை. தெற்குப் பிரான்சின் வார் பகுதி இந்த நாணலுக்குப் பெயர் பெற்றது. புதிய ரீடு ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நடுவில் இருண்டும் ஓரங்களிலும் நுனியிலும் ஒளி ஊடுருவும்படி வெளிறியும், நீளவாக்கில் நார்கள் இழையிழையாக ஓடுவதும் தெரியும். நுனியின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். நாதசுரத்தின் சீவாளியும் நாணலில் செய்வதே. ஆனால் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, இங்கே ஒற்றை இதழ் மவுத்பீஸின் விளிம்போடு மோதுகிறது.

அந்த விளிம்புக்கும் ரீடின் நுனிக்கும் நடுவே சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஊதும்போது வாயினுள் கூடும் அழுத்தம் காற்றை இந்த இடைவெளி வழியே உள்ளே தள்ளுகிறது. அதே அழுத்தம் ரீடையும் வளைத்து இடைவெளியைக் குறுக்குகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு விளைவுகளில்தான் சாக்சபோனின் உயிர் இருக்கிறது. மெதுவாக ஊதும்போது முதல் விளைவு மேலோங்கி, அழுத்தம் கூடக்கூடக் காற்றோட்டமும் கூடும். ஓர் எல்லையைத் தாண்டியதும் இரண்டாவது விளைவு முந்திக்கொள்ள, பலமாக ஊத ஊத உள்ளே செல்லும் காற்று குறையும். இந்த எல்லைக்கு மேலேதான் ரீடு தானாக அதிரத் தொடங்குகிறது. மவுத்பீஸுக்குள் அலையின் அழுத்தம் உயரும் கணத்தில் ரீடு சற்றே திறந்து கூடுதல் காற்றை உள்ளே விடும். அழுத்தம் தாழும் கணத்தில் மூடி அதைத் தடுக்கும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிவிடுவதுபோல, ஒவ்வொரு அதிர்விலும் இழந்த ஆற்றலை மூச்சு ஈடுசெய்கிறது.

ரீடை முழுவதும் மூடிவிடத் தேவையான அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் ஒலி பிறக்கும் என்று எளிய கணக்கு ஒன்று காட்டுகிறது. அதற்குக் கீழே கிடைப்பது காற்றிரைச்சல். மறுபுறம், கீழுதட்டால் ரீடைக் கடிப்பதுபோல் அழுத்தினால் இடைவெளி முன்கூட்டியே குறுகிவிடுவதால், சிறிய அழுத்தமே அதை முழுவதும் மூடிவிடும்; முதல் நாளில் எனக்குக் குழாய் அடைபட்டது இதனால்தான். கீச்சொலியின் காரணம் வேறு. எந்தத் தகட்டையும் போல ரீடுக்கும் தனக்கென ஓர் உயர்ந்த அதிர்வெண் உண்டு. கீழ்ப் பற்களின்மேல் சற்றே மடிந்து மெத்தைபோல் அமரும் கீழுதடு அந்தத் தன்னிச்சையான அதிர்வை உறிஞ்சித் தணிக்கிறது. உதடு தளர்ந்தாலோ, இடம் பிசகினாலோ, ரீடு காய்ந்து அலைபோல் நெளிந்திருந்தாலோ அந்த அதிர்வு கட்டுமீறுகிறது. ஊதுமுன் ரீடை வாயில் வைத்து ஈரமாக்குவது வெறும் சடங்கன்று.

மவுத்பீஸை மட்டும் ஊதும்போது ஆல்ட்டோவில் 880 ஹெர்ட்ஸ் அளவிலான சுரம் வரவேண்டும் என்பது பல ஆசிரியர்கள் வைக்கும் இலக்கு. அதைப் பிடித்து நிறுத்துவது கடினம், ஏனெனில் உள்ளே இருக்கும் காற்றுத்தம்பம் மிகக் குட்டையானது. உதடோ தொண்டையோ சிறிது மாறினாலும் சுருதி வழுக்கிச் செல்லும். முழுக் கருவியில் குழாயின் நீளத்தில் சென்று திரும்பும் அலையே ரீடுக்கு ஆணையிடுகிறது. ஆல்ட்டோவின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 139 ஹெர்ட்ஸ். வழக்கமான எல்லையின் உச்சம் சுமார் 831 ஹெர்ட்ஸ். அதாவது தனியே நொடிக்கு 880 முறை துடித்த அதே ரீடு, குழாயோடு சேர்ந்ததும் அதைவிடத் தாழ்ந்த சுரங்கள் அனைத்துக்கும் இணங்கிப்போகிறது. ஆயினும் உதட்டுக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. கத்ரி கோபால்நாத் கர்நாடக இசையின் கமகங்களை இக்கருவியில் வாசித்துக் காட்டியதில் அந்தச் சிறு இடத்துக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

இலக்கு ஏன் 880 என்பதற்குக் குழாயின் வடிவம் விடை சொல்கிறது. அடால்ப் சாக்ஸ் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி ஒரு கூம்பு. ஆனால் ஊதுவதற்காக அந்தக் கூம்பின் கூர்நுனி வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுண்ட நுனியின் கன அளவை மவுத்பீஸின் உள்வெளி ஈடுசெய்தால்தான், ஒரே விரல் நிலையில் எழும் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் ஒன்றோடொன்று சுருதி சேரும். ரீடு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதும் அந்தக் கன அளவில் சேர்த்தி. கடித்து ஊதுபவருக்கு ரீடின் நெகிழ்வு குறைய, உள்வெளியும் சுருங்கியதுபோல் ஆகி, சுருதி 880ஐத் தாண்டி ஏறும். முழுக் கருவியில் மேல் சுரங்கள் கூர்ந்து ஒலிக்கும்.

கைப்பேசியின் சுருதி காட்டும் செயலியை எதிரே வைத்துக்கொண்டு நான் ஊதியபோது முள் 940க்கு அருகில் நின்றது. மூச்சைக் குறைக்காமல் தாடையை மட்டும் தளர்த்திக்கொண்டே வந்தேன். முள் மெல்ல இறங்கி 880இல் தங்கிய சில நொடிகளில், அதுவரை மெலிந்து கீறலாக இருந்த ஒலி தடித்து நிறைந்தது.