மருந்துப்போலி என்றால் போலி மருந்து இல்லை

திருமங்கலத்தில் என் அப்பத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரே ஒரு டாக்டர்தான். "அவரு கைராசிக்காரரு, தொட்டாலே பாதி சரியாயிரும்" என்பார். ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் பட்டதுமே முகம் தெளிந்துவிடும், மாத்திரைச் சீட்டு சுருக்குப்பையில் மடித்தபடியே கிடக்கும், வீடு வந்து சேர்ந்ததும் ரசஞ்சோறு கேட்பார்.

அந்தப் 'பாதி'யைத்தான் மருத்துவம் பிளாசிபோ விளைவு என்கிறது. மருந்தே இல்லாத சர்க்கரை மாத்திரை, வெறும் உப்புத்தண்ணீர் ஊசி, இவைதான் பிளாசிபோ. குணமாகும் என்ற எதிர்பார்ப்பால் உண்மையிலேயே உடம்பு தேறுவது அதன் விளைவு.

பிளாசிபோ லத்தீன் சொல், 'நான் உகந்தவனாவேன்' என்று பொருள். லத்தீன் பைபிளின் ஒரு சங்கீத வரியிலிருந்து வந்தது. எபிரேய மூலத்தில் அங்கே இருப்பது 'நடப்பேன்' என்பதுதான், நம் தமிழ் பைபிளில் 116ஆம் சங்கீதத்திலும் அப்படியே இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தவர்களுக்கான ஜெபத்தில் அந்த லத்தீன் வரியைப் பாடுவார்கள், சாப்பாட்டுக்காகவும் காசுக்காகவும் சம்பந்தமில்லாத ஆட்களும் வந்து பாட, நாம் கூலிக்கு மாரடிப்பது என்போமே, அந்த நிறம் சொல்லில் ஏறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நோயாளியின் மனதைத் திருப்திப்படுத்தக் கொடுக்கும் மருந்துக்கு டாக்டர்கள் இதே பெயரை வைத்தார்கள்.

எல்லாம் மனப்பிரமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1978இல் அமெரிக்காவில், கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு பிளாசிபோ கொடுத்தபோது சிலருக்கு வலி குறைந்தது. மூளை தானே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபினைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தை ஏற்றியதும் அதே ஆட்களுக்கு வலி கூடியது. ஆனால் வலி, குமட்டல், சோர்வு மாதிரி நாம் உணர்கிற தொல்லைகளில்தான் இதற்குப் பலம் அதிகம், புற்றுக்கட்டியை இது கரைக்காது, கிருமியைக் கொல்லாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் 'போலி மருந்து' என்று எழுதுகிறார்கள், அது தப்பு. போலி மருந்து என்றால் கள்ளத்தனமாகத் தயாரித்து விற்பது, போலீஸ் பிடிக்க வேண்டிய சமாச்சாரம். சரியான சொல் மருந்துப்போலி, மருந்தைப் போல இருப்பது. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணப் போலியை நினைத்துப் பாருங்கள், பந்தல் பந்தர் ஆகும், நிலம் நிலன் ஆகும், எழுத்து மாறி நின்றாலும் பொருள் மாறாது, அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. மருந்துப்போலிக்கும் ஏமாற்று கட்டாயம் இல்லை. 2010இல் அமெரிக்க ஆய்வாளர் டெட் காப்சக்கின் குழு, குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 'இதில் மருந்து இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தது. மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதத்தினர் போதுமான அளவு தேறியதாகச் சொன்னார்கள், எதுவும் வாங்காதவர்களில் 35 சதவீதம்தான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு, நோசிபோ, 'தீங்கு செய்வேன்' என்று பொருள். கெடுதல் வரும் என்று பயந்தே கெடுதல் வருவது. அந்த டாக்டர் ஊரை விட்டுப் போனபிறகு, புதிதாக வந்தவர் அதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார். "இவரு கை நமக்கு ஒத்துக்கல" என்று அப்பத்தா வாசலிலேயே சொல்லிவிட்டார், மாத்திரையைப் போட்ட அன்று சாயங்காலம் வரைக்கும் தலைசுற்றல் என்று படுத்தே இருந்தார்.