எதிர்க் கழகம் வாங்கிய ஆளும் செயலாளர் வீட்டுச் சங்கிலியும்

திருகோணமலையில் கடைகள், மீன் வாடிகள், நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் சிலவற்றுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அவற்றோடு மூன்று நான்கு உதைபந்தாட்டக் கழகங்களும் உண்டு. கழகங்களிடம் காசு வாங்குவதில்லை. அதனால்தானோ என்னவோ, வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முதல் நாள்தான் அந்தக் கணக்குகள் வந்து சேரும், அதுவும் ஷொப்பிங் பையில்.

அப்படி வந்த ஒரு பையில் 80 பக்கக் கொப்பி ஒன்று. அதில் 'வெளி ஆட்கள் - 3' என்று ஒரு வரி. அரையிறுதிக்கு எதிர்க் கழகம் கொழும்பிலிருந்து இரண்டு பேரை இறக்கியதாம், அதனால் இறுதிப் போட்டிக்கு இவர்கள் மூன்று பேரை இறக்கினார்களாம். வேன், தங்குமிடம், சாப்பாடு, கையில் கொடுத்தது எல்லாம் சேர்த்து 185,000 ரூபாய். கிண்ணத்தின் முதற் பரிசே 100,000 ரூபாய்தான். வென்றிருந்தாலும் நட்டம், தோற்று 50,000 ரூபாயோடு வந்தார்கள். மிச்சத்தைச் செயலாளர் தன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். கொப்பியில் அது 'அன்பளிப்பு' என்று பதியப்பட்டிருந்தது. அவர் வீட்டில் அப்படிப் பதிந்திருக்க மாட்டார்கள்.

"பெரிய கழகமெல்லாம் நட்டத்திலதானே ஓடுது சேர், அவங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார் பொருளாளர். இரவிரவாக இங்கிலாந்துப் போட்டிகள் பார்க்கிற தம்பி அவர். இந்தக் கேள்வியை ஏகாம்பரம் மைதானத்து மதிலோரத்திலும் பலமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் அந்தப் பெரிய தொகைகள் கணக்கில் எப்படி ஏறுகின்றன என்று பார்ப்போம். 2023 ஜனவரியில் இங்கிலாந்துக் கழகமான செல்சி, என்சோ பெர்னாண்டஸ் என்ற வீரரை 106.8 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. ஒப்பந்தம் எட்டரை வருடம். அந்த வருடக் கணக்கில் 106.8 மில்லியனும் செலவாக விழாது. மீன்பிடி வள்ளத்துக்கு வருடா வருடம் பெறுமானத்தேய்வு போடுகிறோமே, அதே முறைதான். எட்டரையால் பிரித்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 12.6 மில்லியன். ஐந்து வருட ஒப்பந்தமாக இருந்தால் 21 மில்லியனுக்கு மேல் வரும். ஒப்பந்தத்தை நீட்டினால் நட்டம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு அதே 2023-இல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமும் இங்கிலாந்தின் முதற் பிரிவான பிரீமியர் லீக்கும் விழித்துக்கொண்டு, புதிய ஒப்பந்தங்களுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பரப்பக் கூடாது என்று விதி போட்டன.

ஆனால் விற்பவரின் இலாபம் ஒரே நாளில் முழுதாக ஏறும். இந்த ஏற்றத்தாழ்வில்தான் விளையாட்டே இருக்கிறது. நான் என் பழைய சைக்கிளை உங்களுக்கு 72,000-க்கு விற்கிறேன், நீங்கள் உங்களுடையதை எனக்கு 60,000-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். கை மாறுவது 12,000 மட்டுமே. ஆனால் பழைய சைக்கிள்களின் பெறுமதி கொப்பியில் ஏற்கெனவே தேய்ந்துவிட்டதால், இரண்டு பேரின் கொப்பியிலும் நல்ல இலாபம் நிற்கும். 2020-இல் ஸ்பெயினின் பார்சிலோனா தன் வீரர் ஆர்த்தரை 72 மில்லியன் யூரோவுக்கு இத்தாலியின் ஜுவென்டஸிடம் கொடுத்து, அவர்களுடைய வீரர் பியானிச்சை 60 மில்லியனுக்கு எடுத்தது இதே கணக்குத்தான். அந்தக் குறிப்பிட்ட மாற்றைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. வீரர் விற்பனை இலாபங்களைப் பற்றிய வழக்கில் ஜுவென்டஸ் 2022-23 பருவத்தில் 10 புள்ளிகளை இழந்தது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குத் தேவையான பாடம் இங்கிலாந்துக் கழகமான லீட்ஸ் யுனைட்டட்டில் இருக்கிறது. மேலே மேலே போட்டியிட வேண்டும் என்ற வேகத்தில், 2000 நவம்பரில் ரியோ பெர்டினண்ட் என்ற வீரரை 18 மில்லியன் பவுணுக்கு வாங்கினார்கள். 2001-இல், ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை போனார்கள். ஊரே கொண்டாடியது. ஆனால் அந்தக் காசு கடன், அதுவும் இனி வரப்போகும் டிக்கெட் வருமானத்தைக் காட்டி எடுத்த கடன். அதைக் கட்ட வேண்டுமானால் வருடா வருடம் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றே ஆக வேண்டும். பெறவில்லை. 2002-இல் அதே பெர்டினண்டை, தங்கள் பரம எதிரியான மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கே ஏறத்தாழ 30 மில்லியனுக்கு விற்றார்கள். 18-க்கு வாங்கி 30-க்கு விற்றது இலாபம்தானே என்பீர்கள். தனி ஒரு வரியாகப் பார்த்தால் இலாபம், ஆனால் அது கடன்காரன் வாசலில் நிற்கும்போது விற்ற விலை. 2004-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். ஊர்ப் பிள்ளையான அலன் ஸ்மித்தும் அதே எதிரியிடம் போனார். மைதானத்தையும் விற்றார்கள். 2007-இல் மூன்றாம் பிரிவு. பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 ஆகிவிட்டது. பதினாறு வருடம் என்றால் தகப்பன் தோளில் இருந்து பார்த்த பிள்ளை தனியே மட்ச் பார்க்கப் போகும் காலம்.

இங்கிலாந்தில் மூன்று வருடத்துக்குச் சேர்த்து 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டம் காட்டிய கழகங்களிடம் புள்ளியைப் பிடுங்கினார்கள். 2023-24 பருவத்தில் எவர்டன் கழகத்துக்கு மொத்தம் 8 புள்ளி போனது. ஆக, ஒன்றும் நடக்கவில்லை என்பது சரியில்லை, தம்பி.

பெருஞ்செலவு எல்லாமே முட்டாள்தனம் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்பெயினின் ரியல் மெட்ரிட் எங்கள் கழகங்களைப் போலவே உறுப்பினர்களுக்குச் சொந்தமானது. 2000-ஆம் ஆண்டுத் தலைவர் தேர்தலில் புளோரென்டினோ பெரெஸ், பார்சிலோனாவின் வீரர் பிகோவைக் கொண்டுவருவேன், முடியாவிட்டால் உங்கள் சந்தாவை நான் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து வென்றார். எங்கள் பொதுக்கூட்டங்களில் "இந்த முறை கிண்ணம் நிச்சயம்" என்று எழுந்து நிற்பவர்கள் ஞாபகம் வருகிறார்களா? வித்தியாசம் என்னவென்றால், கழகத்துக்கு நகருக்குள்ளேயே பெறுமதியான பயிற்சி நிலம் இருந்தது. 2001-இல் அதைப் பல நூறு மில்லியன் யூரோவுக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். எங்கள் கழகத்துக்கு இருப்பது இரண்டு வலை, எட்டுப் பந்து, பூட்டில்லாத ஒரு அலுமாரி.

ஆகவே நான் கழகங்களிடம் கேட்பது ஒன்றுதான்: வெளியாள் எடுக்கிற தீர்மானத்தைக் கூட்டறிக்கையில் எழுதும்போது, காசு எங்கிருந்து வருகிறது, எந்தத் திகதிக்குள் தீரும் என்ற இரண்டையும் அதே வரியில் எழுதுங்கள். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்புவார் என்றால், அனுப்பிய பிறகு எழுதுங்கள். தனியாள் கொடுத்தது கடனா அன்பளிப்பா என்று அவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதிப்படி, ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25 சதவீதம், அதற்குப் பிறகு 0.5 சதவீதம். கிண்ணியாவிலோ மூதூரிலோ 12 முதல் 15 வயது வரை நான்கு வருடம் விளையாடிய பொடியன் ஒருவன் எப்போதாவது 10 இலட்சம் டொலருக்கு விலை போனால், அந்தச் சின்னக் கழகத்துக்கு 10,000 டொலர் உரித்தாகும். நடக்கிற காரியமா என்று சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் கேட்கப் போனால் முதலில் பார்ப்பது முறையான பதிவைத்தான்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்தக் கழகத்தில்.

இதைச் சொன்னதும் பொருளாளர் பையைத் துழாவிப் பதிவுக் கொப்பியை எடுத்துக் கொடுத்தார். கடைசியாக எழுதப்பட்ட பெயருக்கு எதிரே 2017 என்றிருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த பொடியன்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர் இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்தி, "பேனை ஒண்டு தாங்க சேர்" என்றார்.